பச்சை டேப்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க அக்கா. எனக்கு வேண்டாம். வெளியே பார்த்துக்கொண்டே வந்தால் எனக்கு யோசனை அதிகமாகிவிடும். பொள்ளாச்சி வரைக்கும்தான். நீங்க? சீர் கொண்டு போறீங்களா? யாருக்கு, நாத்தனார் மகளுக்கா? நல்லதுங்க. தட்டைக் கீழே வைக்காதீங்க, என் பையின் மேல் சாய்த்து வையுங்க. ஆப்பிள்தான் இருக்கிறது, நசுங்காது.

ஆமாம், உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கத்தான். ஆப்பிள் வாங்கினாலே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

கண்ணில் அடி. மிருதுளா என்று பெயர். என் வயதுதான். எப்படி அடிபட்டது என்று சொன்னால் முதலில் சிரிப்பீங்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். பொம்மைத் துப்பாக்கி.

பார்த்தீங்களா.

பரவாயில்லைங்க. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். நான் இப்படித் தெரியாதவங்களிடம் பேசுகிற ஆளே இல்லை அக்கா. ஆபீசில் போய்க் கேளுங்க, ரேணுவா, அந்தப் பொண்ணுக்குக் குரல் எப்படி இருக்கும்னே தெரியாதே என்பார்கள். ஆனால் இன்றைக்கு நாலு பேர் முன்னால் பேசியாக வேண்டும். மிருதுளாவின் அப்பா இருப்பார். பெனடிக்ட் அண்ணா இருப்பார். என் ஆபீஸ் சிபி இருப்பான். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன், வரவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்த்தால் வரும்போல இருக்கிறது. உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?

பொம்மைத் துப்பாக்கி என்றால் தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்து அடிப்பது இல்லை. இதைப் பின்னால் இழுத்து விசையை அழுத்தினால் விரல் நீளத்துக்கு ஒரு ஃபோம் துண்டு பறக்கும். முனையில் ரப்பர் இருக்கும். டார்ட் என்று சொல்வோம். கடையில் வாங்கினால் உள்ளே நோஞ்சான் ஸ்பிரிங் ஒன்றைப் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் விளையாடுவது இல்லையா. எதிர்ச் சுவர் வரைக்கும்கூடப் போகாது. நாங்கள் அதைப் பிரித்து, ஸ்பிரிங்கை மாற்றி, காற்று கசியாமல் ரப்பர் வளையம் போட்டு, உள்ளே குழாயையும் மாற்றிவிடுவோம். அப்புறம் பாருங்க, ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நேர்க்கோடு போட்ட மாதிரி போகும். நாங்கள் என்றால், பிரிப்பது நான் மட்டும்தான். மற்றவர்கள் சுடுவார்கள்.

நான் மெக்கானிக்கல் படித்தவள் அக்கா. பம்பு கம்பெனியில் டிசைன் செக்‌ஷன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கோடு போடுவேன். நான் வரைந்ததை யாரோ எங்கேயோ செய்வார்கள், நான் பார்த்ததுகூட இல்லை. கையில் எடுத்து, பிரித்து, பூட்டி, இந்தா என்று ஒருவரிடம் கொடுத்து, அவர் முகம் மாறுவதைப் பார்க்கிற சுகம் அதில் கிடையாது.

ஆரம்பித்து வைத்தது சிபிதான். போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஆபீசில் எல்லோரும் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். இவன் பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொம்மைத் துப்பாக்கியை எடுத்து நடுவில் வைத்தான். "எல்லாரும் அவங்கவங்க ஆயுதத்தை வைக்கிறீங்க, நான் என்னோடதை வெச்சிருக்கேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர்கூட. அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். அப்புறம் சுட்டுக் காட்டு என்று கேட்டபோது இழுத்தான், பாதியில் சிக்கிக்கொண்டது. "சாமி உன் ஆயுதத்தை ஏத்துக்கலைடா" என்று ஒரே கேலி. அவன் காது சிவந்துவிட்டது. அவனுக்கு வெட்கம் வந்தால் காதுதான் முதலில் சிவக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போனபிறகு, அவன் மேஜைக்குப் போய், "கொடுங்க, பார்க்கிறேன்" என்றேன். அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். மறுநாள் சரிசெய்து கொடுத்தேன். சுட்டுப் பார்த்துவிட்டு, "ரேணு, உன் கையில ஒரு தடவை குடுத்தாப் போதும் போல" என்றான்.

சும்மா ஒரு வார்த்தை. அவன் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவான்.

அவன்தான் பெனடிக்ட் அண்ணாவின் கூட்டத்துக்கு என்னை அழைத்துப்போனான். சரவணம்பட்டியில் ஓடாமல் போன ஷட்டில் கோர்ட் ஒன்றை அண்ணா ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக்கு எடுப்பார். டிரம், அட்டைப்பெட்டி எல்லாம் குறுக்கே அடுக்கி, இரண்டு அணியாகப் பிரிந்து விளையாடுவார்கள். ஐ.டி. பசங்கள், ஒரு பல் டாக்டர், ஒரு பேக்கரிக்காரர். நான் விளையாட மாட்டேன். என்மேல் யாராவது குறி வைத்தால் எனக்குக் கை கால் ஓடாது. ஓரத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். ரேணு மேஜை என்றே அதற்குப் பெயர். பழுது பார்ப்பது, வேகம் அளப்பது, டேப் ஒட்டுவது. ஒரு வாரம் காய்ச்சல் என்று நான் போகவில்லை, ஆட்டமே நடக்கவில்லையாம். அண்ணா சொன்னார்.

டேப்பா? அதைச் சொல்ல வேண்டும். அதுதான் முக்கியம்.

பெனடிக்ட் அண்ணா ரொம்பக் கண்டிப்பானவர். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு துப்பாக்கியையும் அளக்க வேண்டும். க்ரோனோ என்று அவரிடம் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதற்குள் டார்ட் போகிறமாதிரி சுட்டால் வேகம், வினாடிக்கு இத்தனை அடி என்று, நம்பராக வரும். நூற்றி முப்பதுக்கு மேல் போனால் அந்தத் துப்பாக்கிக்கு அன்றைக்கு இடமில்லை. சரியாக இருந்தால், துப்பாக்கியின் இரண்டு பாதியும் சேருகிற கோட்டின் மேல் பச்சை டேப் ஒட்டி நான் கையெழுத்துப் போடுவேன். அப்புறம் யாராவது பிரித்து ஸ்பிரிங்கை மாற்றினால் டேப் கிழிந்துவிடும், பிடிபட்டுவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லா டேப்பையும் நானே உரித்துவிடுவேன். அடுத்த வாரம் புதிதாக ஒட்ட வேண்டுமே. உரிக்கிறது யாருக்கும் தெரியாது, அதற்குள் எல்லோரும் டீக்குப் போயிருப்பார்கள்.

டேப் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அக்கா. என் கையெழுத்துக்கு அங்கே அவ்வளவு மரியாதை. வீட்டில் அம்மா என்னை ஒரு கடைக்குத் தனியாக அனுப்ப யோசிப்பாள்.

ஸ்பிரிங் வாங்கக் கணபதி ஏரியாவுக்குப் போவேன். மில் மெஷின்களுக்கு ஸ்பிரிங் சுற்றுகிற பட்டறை. "எந்த மெஷினுக்கு கண்ணு?" என்று கேட்பார் அந்த ஐயா. பம்புக்குங்க என்பேன். பொம்மைக்கு என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? போன தடவை கொஞ்சம் தடிமனாக ஒன்று சுற்றச் சொன்னேன். "இத்தனை கெட்டியா எந்தப் பம்புக்குப் போடுவீங்க?" என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது சிபியின் துப்பாக்கிக்கு. அவன் கேட்கவில்லை. சர்வீஸுக்குத்தான் கொடுத்திருந்தான். அவன் அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போகிறான், வேலை கிடைத்துவிட்டது. போவதற்கு முன்னால் ஒரு நாளாவது அந்த ஹாலில் அவன் கையில் இருப்பதுதான் பெரிய துப்பாக்கியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒருவன் ஊரைவிட்டுப் போகும்போது கூட வேலை பார்ப்பவர்கள் ஏதாவது செய்வதில்லையா? ஆபீசில் கடிகாரம் கொடுக்கப் போகிறார்கள். அந்த மாதிரிதான் இதுவும். அவன் விளையாடும்போது போட்டுக்கொள்ள நல்ல கண்ணாடி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். பனி படியாத கண்ணாடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மிருதுளாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு. "ரேணு, இது மிருதுளா, பொள்ளாச்சி" என்றான். ஊர் பேரையும் சேர்த்துச் சொல்கிறானே என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அது! இவன் வாயைத் திறந்தா ரேணு மேஜை, ரேணு மேஜைங்கறான்" என்று சிரித்தாள். நல்ல பெண் அக்கா. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சத்தமாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். கம்மல் அழகாக இருந்தது.

அவளுக்குக் கண்ணாடி வேண்டும் என்றார்கள். டப்பாவில் பழையது ஒன்று இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அது கொஞ்சம் பனி படியும். புதுசு என் பையில் இருந்தது, ஆனால் அது சிபிக்கென்று வாங்கியது. ஒருவருக்கென்று வாங்கியதை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது?

அப்புறம் அளந்தேன். ஒவ்வொன்றாக. பல் டாக்டருடையது, பேக்கரி அண்ணனுடையது. எல்லாம் எப்போதும்போல. சிபியுடையதை அளந்தேன். நூற்றி இருபத்தெட்டு. டேப் ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன். இதுதான் நடந்தது. இதைத்தான் இன்றைக்கும் சொல்லப் போகிறேன். நூற்றி இருபத்தெட்டு.

முதல் ரவுண்டில் ஒரு தடவை சுட்டுவிட்டு என் மேஜைக்கு ஓடி வந்தான். "ஏய் ரேணு, என்ன பண்ணே? பிச்சுக்கிட்டுப் போகுது! லிமிட்டுக்குள்ளதானே?" அவன் காது சிவந்திருந்தது. சந்தோஷத்துக்கும் சிவக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "டேப் ஒட்டியிருக்கு இல்ல?" என்றேன். அவன் டேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டான்.

அடுத்த ரவுண்டில் மிருதுளா எதிர் அணி. டிரம்முக்குப் பின்னால் இருந்தவள் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்திருக்கிறாள். ஆட்டத்தின் நடுவில்! கண்ணாடியைக் கழற்றக்கூடாது என்பது அங்கே முதல் விதி. சுவரில் எழுதியே வைத்திருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிபி சுட்டிருக்கிறான். சத்தம் கேட்டது. அவள் சத்தம் இல்லை, சிபியின் சத்தம். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு அண்ணா காரில் ஓடினார்கள். "ரேணு, ஹாலைப் பூட்டிட்டு வா" என்றார் அண்ணா. தனியாக நின்றேன். துப்பாக்கியெல்லாம் தரையில் கிடந்தன. எடுத்து அடுக்கினேன். டேப் உரிக்க ஆரம்பித்தேன். எப்போதும் செய்கிற வேலை. சிபியுடையதை முதலில் உரித்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே என்று மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பூட்டிவிட்டேன்.

மறுநாள் பெனடிக்ட் அண்ணா க்ரோனோவை எடுத்து அளந்திருக்கிறார். சிபியுடையது நூற்றி அறுபதைத் தாண்டியிருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் பச்சை டேப் இருக்கிறது, இதில் மட்டும் இல்லை. அப்புறம் என்ன, அவன்தான் டேப்பைப் பிய்த்துவிட்டு உள்ளே ஏதோ மாற்றியிருக்கிறான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். புதிதாக வந்த பெண் முன்னால் கெத்துக் காட்ட என்று பேக்கரி அண்ணன் சொன்னாராம். "நான் தொடவே இல்லைங்கண்ணா" என்று சிபி சொல்லியிருக்கிறான். யார் நம்புவார்கள்? அவனுக்கு ஒரு திருகாணியை நேராக முடுக்கத் தெரியாது அக்கா. முடுக்கினால் மரை போய்விடும். அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் என்னிடம் யார் அதைக் கேட்டார்கள்?

என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏம்மா ரேணு, நீ அளந்தப்போ எவ்வளவு?" சொன்னேன். "ஸ்பிரிங் மாத்தினியா?" மாத்தினேன், மாத்திட்டுத்தான் அளந்தேன் என்றேன். டேப்பை யார் உரித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அப்போது சிபி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் தரையைத்தான் பார்ப்பேன், என் சுபாவம் அது.

எனக்கு என்ன வருத்தம் என்றால், அதற்கப்புறம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு போன் இல்லை. ஒரு மெசேஜ் இல்லை. அவனுக்காக எவ்வளவு செய்திருக்கிறேன்! நேற்று வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். அவள் வீட்டார் உள்ளே விடவில்லையாம், வராந்தாவிலேயே நின்றானாம். கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம், பார்வை வரும், வராது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நேற்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர். "எம் பொண்ணு கண்ணு உங்களுக்கு விளையாட்டாடா?" என்று கேட்டாராம். போலீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறார். கேஸ் ஆகிவிட்டால் ஜெர்மனி அவ்வளவுதான். பெனடிக்ட் அண்ணா கெஞ்சிக் கேட்டு, இன்றைக்கு ஒருதரம் உட்கார்ந்து பேசலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். என்னிடம், "நீ சொல்றதுதான்மா கடைசி. உள்ளதைச் சொல்லு. நீ அளந்தப்போ சரியா இருந்துதுன்னா, அப்புறம் அவன்தான் பதில் சொல்லணும்" என்றார்.

உள்ளதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜெர்மனிக்குப் போகாவிட்டால் என்ன? இங்கே நல்ல வேலை இல்லையா? எங்கள் ஆபீசே இருக்கிறதே. அது வேறு விஷயம், விடுங்க.

இந்த டப்பாவா? இதில் டார்ட்தான் இருக்கிறது. என் மேஜையில் இருந்தது. மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், இனிமேல் அங்கே ஆட்டம் கிடையாதாம். பார்க்கிறீங்களா? கையை நீட்டுங்க. இது ஒன்றுதான் புதுசு, இதை அமுக்கிப் பாருங்க. விறைப்பாக இருக்கிறது இல்லையா? இப்போது இதை அமுக்குங்க. இது பழசு. சோர்ந்துபோய், சப்பையாகிவிட்டது. குழாய்க்குள் போட்டால் தொளதொள என்று இருக்கும். பக்கவாட்டில் காற்று போய்விடும், அதனால் மெதுவாகத்தான் பறக்கும். துப்பாக்கி அதேதான், ஸ்பிரிங் அதேதான்.

ஆமாம். இந்த டப்பாவில் இருந்துதான் எடுத்து அளந்தேன்.

இல்லைங்க, எல்லாவற்றையும் இல்லை. மற்றதைப் புதுசில் அளந்தேன். விதி அப்படித்தான், புதுசில் அளக்க வேண்டும். சிபியுடையது வரும்போது கை இந்த டப்பாவுக்குள் போய்விட்டது. மிருதுளா பக்கத்தில் நின்று என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள், இது என்ன, அது என்ன என்று. சிபி, "பாரு, ரேணு கை வைக்கிற வேகத்தை" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் போய், உன் துப்பாக்கிக்கு இன்றைக்கு இடமில்லை, ஓரமாக உட்கார் என்று எப்படிச் சொல்வது?

யோசித்துப் பாருங்க, ஒரு விதத்தில் பழசில் அளப்பதுதான் நியாயம். ஆட்டத்தில் ஓடுகிற டார்ட் எவ்வளவு நேரம் புதுசாக இருக்கும்? இரண்டு ரவுண்டில் எல்லாம் இப்படித்தான் ஆகிவிடும். பழசுதான் நிஜம்.

புதுசில் அளந்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமா?

அளக்கவில்லையே அக்கா. அளக்காததைப் பற்றி நான் எப்படிச் சொல்வது?

கிணத்துக்கடவு தாண்டிவிட்டதா? இன்றைக்குப் பஸ் சீக்கிரம் போகிறது. மற்ற நாளில் இங்கே நின்று நின்று வருவான்.

என் போன்தான். மன்னிச்சுக்கோங்க, சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன்.

சிபி.

பாருங்க, இத்தனை நாள் கழித்து. எனக்குத் தெரியும், கூப்பிடுவான் என்று. படம் பார்த்தீங்களா, ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்தது. நெற்றியில் குங்குமம் வழிந்திருக்கிறது. யாரும் துடைத்துக்கொள் என்று சொல்லவில்லை. நான் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இல்லைங்க, எடுக்கவில்லை. பஸ்ஸில் போன் பேசினால் எல்லோருக்கும் தொந்தரவு. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. என்ன கேட்பான், எனக்குத் தெரியாதா? ரேணு, உண்மையைச் சொல்லு என்பான். உண்மையைத்தானே சொல்லப் போகிறேன். அதைப் போனில் வேறு சொல்ல வேண்டுமா?

நின்றுவிட்டது. ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறான்.

திரும்பக் கூப்பிடுவான்.

நீங்க ஏன் ஒன்றும் பேசமாட்டேங்கிறீங்க? முதலில் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தீங்களே. நான் சொன்னதில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா? அவள் அப்பாவிடம் இதே மாதிரி சொல்லலாம் இல்லையா? சுருக்கமாகச் சொல்லிவிடுவேன், இவ்வளவு வேண்டாம். நூற்றி இருபத்தெட்டு, டேப் ஒட்டினேன். அவ்வளவுதான். டார்ட்டைப் பற்றியெல்லாம் அவருக்கு என்ன தெரியும், குழப்பம்தான் வரும்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. இருங்க, உங்கள் சீர்த் தட்டை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்க முதலில் எழுந்திருங்க.

அக்கா, ஒரு நிமிஷம். இந்த டப்பாவை நீங்க வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஏறும்போது சொன்னீங்களே. கையில் வைத்து விளையாடட்டும், துப்பாக்கி இல்லாமல் இது ஒன்றும் செய்யாது. நான் அந்த வீட்டுக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் நன்றாக இருக்காது. குப்பையில் போடவும் மனசு வரவில்லை. நீங்க எடுத்துக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஏன் என் கையிலேயே திருப்பி வைக்கிறீங்க? அதில் ஒன்றும் இல்லைங்க அக்கா.

வெறும் பழைய டார்ட்தான்.